நிரலை ஆவணத்தில் உள்ளது உள்ளபடி காட்டுவது: அடிக்குறிப்பில் உடைகிறது, நகலெடுத்தால் ஓடவில்லை

புதுநிரலி

வணக்கம். பைத்தான் பாடக்குறிப்புகளை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் நிரல்துண்டு வரும். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

வரிக்கு நடுவே சின்ன நிரல்துண்டு காட்ட, குறிகளை உள்ளபடியே அச்சிடும் வெர்ப் கட்டளையைப் போடுகிறேன். பத்தியில் ஒழுங்காக வருகிறது. அதையே அடிக்குறிப்புக்குள் போட்டால் பிழை.

பிடிஎஃப்பிலிருந்து நிரலை நகலெடுத்து ஓட்டினால் ஓடுவதில்லை. ஒற்றை மேற்கோள்குறி வளைந்துவிடுகிறது. வரித் தொடக்கத்து இடைவெளி காணாமல் போகிறது. பைத்தானுக்கு இடைவெளி போனால் உயிரே போயிற்று.

நிரலுக்குள் தமிழில் எழுதிய கமென்ட் வெற்றிடமாக வருகிறது. யூனிக்கோடு எழுத்துருக்களை ஏற்கும் லேடெக் வடிவமான சீலேடெக்தான் பயன்படுத்துகிறேன். பாடத்தில் உள்ள மற்ற தமிழெல்லாம் நன்றாகவே வருகிறது.

சிறப்புக் குறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டு, தட்டச்சு எழுத்துருவில் அடிக்கலாம் என்று தெரியும். நீளமான நிரலுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

அரைப்புள்ளி

முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். அது பிடிபட்டால் இந்தத் துறையின் பாதிச் சிக்கல் பிடிபட்டுவிடும்.

லேடெக்குக்கு அடியில் ஓடும் மூல நிரலான டெக், உங்கள் கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வகை எண்ணை ஒட்டிவிடுகிறது. கேட்கோடு என்பார்கள். 0 முதல் 15 வரை மொத்தம் 16 வகை. பின்சாய்கோட்டுக்கு 0, திறக்கும் சுருள் அடைப்புக்கு 1, மூடுவதற்கு 2, $ குறிக்கு 3, & குறிக்கு 4, # குறிக்கு 6, சாதாரண எழுத்துகளுக்கு 11, 'மற்றவை' என்ற வகைக்கு 12, % குறிக்கு 14. ஒரு வரியில் % வந்ததும் மிச்சத்தை டெக் தூக்கி எறிகிறதே, அது அந்தக் குறியின் பிறவிக்குணம் இல்லை. 14 ஒட்டியிருப்பதால் எறிகிறது. வெர்ப் செய்கிற முக்கியமான வேலை, இந்தச் சிறப்புக் குறிகள் எல்லாவற்றுக்கும் தற்காலிகமாக 12-ஐ ஒட்டச் சொல்வது. எழுத்துரு மாறுவதைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம், ஆனால் விஷயம் அதில் இல்லை.

இப்போது அடிக்குறிப்பைப் பாருங்கள். அது ஆர்க்யுமென்ட், அதாவது அடைப்புக்குள் கொடுக்கும் உள்ளீடு, வாங்கும் கட்டளை. திறக்கும் அடைப்பு முதல் மூடும் அடைப்பு வரை முழுவதையும் படித்து, டோக்கனாக்கி (எண் ஒட்டிய துண்டுகளாக்கி), கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே இருக்கும் வெர்ப்புக்கு முறை வருகிறது. அதற்குள் எல்லா எழுத்துக்கும் எண் ஒட்டியாயிற்று. ஒட்டிய எண்ணைப் பிற்பாடு மாற்ற முடியாது. உள்ளே ஒரு % இருந்துவிட்டால் இன்னும் மோசம்: அந்த வரியில் அதற்குப் பின்னால் இருந்த மூடும் அடைப்பையே டெக் பார்த்திருக்காது.

வெர்ப் தானே ஒரு ஆர்க்யுமென்டுக்குள் மாட்டிக்கொண்டதைக் கண்டுபிடித்துத்தான் அந்தப் பிழைச்செய்தியைக் கொடுக்கிறது. அடிக்குறிப்பு, தலைப்பு, படவிளக்கம், நீங்களே எழுதிக்கொண்ட மேக்ரோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒரு சுவையான விஷயம். டெக்கை உருவாக்கிய க்னூத் எழுதிய அடிப்படைக் கட்டளைத் தொகுப்பான ப்ளெய்ன் டெக்கில் அடிக்குறிப்புக் கட்டளை உரையை ஆர்க்யுமென்டாக வாங்காது. உள்ளே கேட்கோடு மாற்றங்கள் செல்லுபடியாக வேண்டும் என்றே அப்படி எழுதியிருக்கிறார். லேடெக்கில் அந்த ஏற்பாடு இல்லை.

உங்களுக்கு மருந்து: ஃபேன்ஸிவெர்ப் என்ற பேக்கேஜ் (கூடுதல் கட்டளைத் தொகுப்பு). அதில் 'வெர்பேட்டிம்ஃபுட்நோட்ஸ்' என்ற கட்டளையை ஆவணத்தின் தொடக்கத்தில் ஒருமுறை போட்டால் அடிக்குறிப்பு மாற்றி எழுதப்பட்டு, உள்ளே வெர்ப் வேலை செய்யும். எனக்கு அதைவிடப் பிடித்தது 'சேவ்வெர்ப்'. நிரல்துண்டை ஒரு பெயரில் முன்கூட்டியே சேமித்து வைத்துவிட்டு, அடிக்குறிப்புக்குள் 'யூஸ்வெர்ப்' என்று பெயரை மட்டும் கூப்பிடலாம். படிக்கும் வேலை வெளியே முடிந்துவிட்டதால் உள்ளே சண்டைக்கு இடமில்லை.

பீமரடிமை

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே குறிப்புகளைப் பின்னால் ஸ்லைடாக மாற்றினால், ஸ்லைடுக்கான லேடெக் வகையான பீமரில் ஃபிரேம் (ஒரு ஸ்லைடு) முழுவதுமே ஆர்க்யுமென்ட் மாதிரிதான் படிக்கப்படுகிறது. உள்ளே வெர்பேட்டிம் (பல வரி நிரலை உள்ளபடி காட்டும் சூழல்) வைத்தால் வெடிக்கும். அந்த ஃபிரேமுக்கு 'ஃப்ராஜைல்' என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பீமர் உள்ளடக்கத்தை ஒரு தனிக் கோப்பில் எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கும். ஃபிரேமை முடிக்கும் கட்டளை ஒரு வரியில் தனியாக இருக்க வேண்டும், முன்னால் பின்னால் வேறெதுவும் கூடாது. எடிட்டர் தானாக வரிகளை ஒழுங்குபடுத்தி அதை இன்னொரு வரியோடு ஒட்டிவிட்டால் தேடியே சாக வேண்டியதுதான்.

புதுநிரலி

அரைப்புள்ளி ஐயா, கோடி நன்றி. சேவ்வெர்ப் அடிக்குறிப்பில் வேலை செய்கிறது. பாடத் தலைப்பில் போட்டால் மட்டும் பொருளடக்கப் பக்கத்தில் பிழை வருகிறது.

அரைப்புள்ளி

வரும். பொருளடக்கம் ஆவணத்தின் தொடக்கத்தில் அச்சாகிறது. நீங்கள் சேமிப்பது ஐந்தாவது பாடத்தில். பொருளடக்கத்துக்கு முறை வரும்போது அந்தப் பெயரில் ஒன்றும் இருக்காது. சேமிப்பை முகப்புக்கு (ஆவண உரை தொடங்கும் முன் உள்ள பகுதிக்கு) கொண்டுபோங்கள், யூஸ்வெர்ப்புக்கு முன்னால், கட்டளை இடம்பெயரும்போது உடையாமல் காக்கும் 'ப்ரொடெக்ட்' போடுங்கள்.

ஆனால் தலைப்புக்கு இவ்வளவு வித்தை தேவையா என்று யோசியுங்கள். தலைப்பு என்பது பொருளடக்கம், பக்க மேல்வரி, பிடிஎஃப் புக்மார்க் என்று நாலு இடத்துக்குப் பயணம் போகும் சரக்கு. அங்கே மட்டும் சாதாரணத் தட்டச்சு எழுத்துருவில், பின்சாய்கோடு போட்டே எழுதிவிடுவது நிம்மதி. தலைப்பில் நாற்பது எழுத்து நிரல் யாரும் வைக்கப் போவதில்லை.

சிப்ரொடெக்ட் என்றொரு பேக்கேஜும் இருக்கிறது. ஆர்க்யுமென்டைக் கோப்பில் எழுதி மறுபடி படிக்கவைத்து இந்தத் தடையைத் தாண்டும். வேலை செய்யும்போது அற்புதம். செய்யாதபோது ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது தனி வேலை.

எழுத்துருஎலி

மேற்கோள்குறிக்கும் தமிழுக்கும் நான் வருகிறேன்.

வளைந்த குறிக்கு அப்கோட் பேக்கேஜ். வெர்ப், வெர்பேட்டிம் இரண்டிலும் ஒற்றை மேற்கோளையும் பின்மேற்கோளையும் நிமிர்ந்த வடிவத்தில் கொண்டுவரும். நிரலை நிறத்தோடு அச்சிடும் லிஸ்டிங்ஸ் பேக்கேஜைப் பயன்படுத்தினால் அதற்குள்ளேயே 'அப்கோட்' என்ற விருப்பம் உண்டு. லிஸ்டிங்ஸில் இன்னொரு திருட்டு இருக்கிறது: கழித்தல் குறி. அது கணிதக் கழித்தலாக அச்சாவதால், நகலெடுத்தால் விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு வராது, யூனிக்கோடின் வேறொரு எழுத்து வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பைத்தான் ஏற்காது. 'லிட்டரேட்' விருப்பத்தில் சிறுகோட்டுக்குச் சிறுகோட்டையே எழுதி இதைத் திருத்தலாம்.

தமிழ் ஏன் வெற்றிடம்? நீங்கள் பாட உரைக்குத் தமிழ் எழுத்துரு கொடுத்திருப்பீர்கள். நிரலுக்கான சம அகல எழுத்துருவைத் தொட்டிருக்க மாட்டீர்கள். அது லத்தீனுக்காக மட்டும் செய்தது, தமிழ் உருவங்கள் அதில் இல்லை. டெக்கின் பழக்கம் என்னவென்றால், எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் அலறாது. லாக் கோப்பில் 'எழுத்து இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். லாக்கைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரி குவிந்திருக்கும்.

சீலேடெக்கிலேயே இருப்பதென்றால் யூகேர்கிளாஸஸ் என்ற பேக்கேஜ், தமிழ்த் தொகுதி எழுத்து வரும்போது எழுத்துருவை மாற்றிவிடும். லுவாலேடெக் என்ற இன்னொரு லேடெக் வடிவத்துக்கு மாறினால் இன்னும் சுத்தமான வழி உண்டு: சம அகல எழுத்துருவுக்கு மாற்றாக நோட்டோ சான்ஸ் தமிழை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். முதல் எழுத்துருவில் இல்லாததை அது இரண்டாவதில் தேடும். எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் முறையில் ஏற்றச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டெக் மென்பொருள் தொகுப்பான டெக் லைவின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக் ஹார்ஃப்பஸோடு சேர்ந்தே வருகிறது.

தமிழ் கமென்ட் இருந்தால் லிஸ்டிங்ஸை மறந்துவிடுங்கள். அது எட்டு பிட் காலத்துப் பிள்ளை. 255-க்கு மேற்பட்ட எழுத்துகள் வந்தால் இடம் மாறிப் போகும். போதாக்குறைக்கு, அதன் இயல்பு அமைப்பில் ஒவ்வோர் எழுத்தையும் சம அகலக் கட்டத்துக்குள் பிரித்து வைக்கப் பார்க்கும். 'கொ' என்பதில் மெய் ஒரு கட்டம், உயிர்க்குறி ஒரு கட்டம் என்று ஆனால் எப்படி இருக்கும், கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கட்டளைவரி

இதுக்குத்தான் சொல்றேன், நேரா மின்டட்ங்கிற பேக்கேஜுக்குப் போயிடுங்க. லிஸ்டிங்ஸ் கீவேர்டை ஒரு பட்டியல்ல பாத்து நிறம் போடுது. மின்டட் அப்படி இல்ல, பிக்மென்ட்ஸ்னு பைத்தான்ல எழுதின நிரலைக் கூப்பிட்டு மொழியோட இலக்கணப்படி பிரிச்சுத் தருது. மூணு மேற்கோள் போட்ட நீளமான ஸ்ட்ரிங், எஃப்-ஸ்ட்ரிங், டெகரேட்டர் எதுவும் குழம்பாது. தமிழ் கமென்ட்டும் ஒரே துண்டா வர்றதால உடையாது. அடியில ஓடுறது அரைப்புள்ளி சொன்ன அதே ஃபேன்ஸிவெர்ப் குடும்பம்தான்.

பழந்தட்டச்சு

நிறம் பூசுவதற்காக வெளி நிரலை ஓடவிட வேண்டுமா? மின்டட்டுக்கு ஷெல்-எஸ்கேப்பை, அதாவது வெளிக் கட்டளைகளை ஓட்டும் அனுமதியை, திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் அந்த ஆவணத்துக்குள் யார் எந்தக் கட்டளையை எழுதியிருந்தாலும் உங்கள் கணினியில் ஓடும். உங்கள் சொந்தக் கோப்பு என்றால் சரி. யாரோ அனுப்பிய டெம்ப்ளேட்டை அப்படியே அந்த விருப்பத்தோடு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரலுக்கு நிறம் வேண்டும் என்று ஆரம்பித்து, முழுக் கணினியின் சாவியையும் கொடுத்துவிடுகிறார்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போதும் தலைவலி. அவர்கள் கணினியில் பிக்மென்ட்ஸ் இருக்காது, இருந்தாலும் அனுமதி இருக்காது.

கட்டளைவரி

ஐயா, நீங்க சொல்றது பழைய பதிப்பு. 2024-ல வந்த மூணாம் பதிப்பு தனக்குன்னு ஒரு சின்ன நிரலை வெச்சிருக்கு. அதைப் புதுசான டெக் லைவ் தன்னோட நம்பகமான பட்டியல்ல சேர்த்திருக்கு. முழு ஷெல்-எஸ்கேப் தேவையில்ல, இயல்பாவே இருக்கிற கட்டுப்பாடான அனுமதியே போதும். பதிப்பகத்துக்கு அனுப்பணும்னா 'ஃப்ரோசன்கேஷ்' விருப்பம் இருக்கு. ஏற்கெனவே நிறம் போட்டு வெச்ச கேஷ் கோப்புகளையும் சேர்த்து அனுப்பினா அங்க பிக்மென்ட்ஸே வேணாம்.

பழந்தட்டச்சு

மூன்றாம் பதிப்பு பற்றிச் சொன்னது நல்ல செய்தி. ஏற்கிறேன். கேஷ் கோப்பைச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு எனக்கு இன்னும் ஒட்டவில்லை. கடைசி நேரத்தில் ஒரு வரி திருத்தினால் கேஷ் பழையதாகிவிடும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் புத்தகத்தில் ஐந்து நிறமும் ஐந்து சாம்பலாகத்தான் வரும், அதில் இரண்டு படிக்கவே முடியாது. கீவேர்டைத் தடித்த எழுத்தில் காட்டுவது போதும். ஆனால் லேடெக்கின் இயல்பான தட்டச்சு எழுத்துருவில் தடித்த வடிவமே கிடையாது. நீங்கள் கேட்பீர்கள், அது பேசாமல் சாதாரண வடிவத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். தடித்த வடிவம் உள்ள சம அகல எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

வெற்றிடம்

இரண்டாவது கேள்வியின் பாதி இன்னும் பாக்கி இருக்கிறது: வரித் தொடக்கத்து இடைவெளி. இதில் எந்தப் பேக்கேஜையும் குறைசொல்லிப் பயனில்லை, பிரச்சினை பிடிஎஃப்பின் உள்ளமைப்பில் இருக்கிறது.

டெக் பொதுவாக இடைவெளி என்றொரு எழுத்தைப் பிடிஎஃப்பில் வைப்பதில்லை. அடுத்த எழுத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் நகலெடுக்கும்போது பிடிஎஃப் பார்வை நிரல் அந்தத் தூரத்தைப் பார்த்து 'இங்கே ஓர் இடைவெளி இருந்திருக்க வேண்டும்' என்று ஊகிக்கிறது. இரண்டு சொல்லுக்கு நடுவே ஊகம் சரியாக வரும். வரியின் தொடக்கத்தில், இடப்பக்கம் எழுத்தே இல்லாத இடத்தில், எதை வைத்து ஊகிப்பது? பெரும்பாலான நிரல்கள் விட்டுவிடும். நாலு இடைவெளியா எட்டா என்பது காகிதத்தில் தெரியும், கிளிப்போர்டில் தெரியாது.

டேப் எழுத்து இன்னொரு கண்ணி. சாதாரண வெர்பேட்டிம் டேப்பை ஒற்றை இடைவெளியாக்கிவிடும். அச்சிலேயே உள்தள்ளல் சப்பையாகத் தெரியும். ஃபேன்ஸிவெர்ப்பில் 'ஒபேடேப்ஸ்', 'டேப்சைஸ்' இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. ஆனால் மேக்ஃபைல் போல டேப் எழுத்தையே எதிர்பார்க்கும் கோப்புகளை இவற்றாலும் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் அகலம் சரியாக வரும், எழுத்து டேப்பாக இருக்காது.

வரி எண் போட்டிருந்தால் அதுவும் நிரலோடு சேர்ந்து நகலாகும். ஆக்சப் பேக்கேஜை வைத்து, எண்ணுக்குப் பதிலாக வெற்று உரை என்று பிடிஎஃப்பிடம் சொல்லலாம். அதை அக்ரோபேட் மதிக்கும், எல்லாப் பார்வை நிரலும் மதிக்காது.

ஆகவே என் வழி வேறு. பிடிஎஃப் பக்கத்தைப் படிக்க மட்டும் விடுங்கள். ஓட்ட வேண்டிய கோப்பை அட்டாச்ஃபைல் பேக்கேஜ் மூலம் பிடிஎஃப்புக்குள்ளேயே இணைத்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு சின்னக் குறி தெரியும், அழுத்தினால் அசல் கோப்பு கிடைக்கும், ஒரு பைட் மாறாமல்.

கட்டளைவரி

ஃபோன்ல பிடிஎஃப் பாக்கிறவங்களுக்கு அந்தக் குறி வேலை செய்யாதே. பாதிப் பேர் ஃபோன்லதான் படிக்கிறாங்க.

வெற்றிடம்

உண்மைதான். ஃபோனில் பைத்தான் ஓட்டுகிறவர்கள் குறைவு என்ற நம்பிக்கையில் சொன்னேன். இணைப்பு முகவரி ஒன்றையும் பக்கத்தில் கொடுத்துவிட்டால் சரி.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. நிரலை ஆவணத்துக்குள் ஒட்டவே ஒட்டாதீர்கள். கோப்பாக வைத்துக்கொண்டு, வெர்பேட்டிம்இன்புட், லிஸ்டிங்ஸின் இன்புட் கட்டளை, மின்டட்டின் இன்புட் கட்டளை, ஏதாவது ஒன்றால் உள்ளே இழுங்கள். எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று கொடுக்க லிஸ்டிங்ஸிலும் மின்டட்டிலும் வசதி இருக்கிறது. அச்சாகும் நிரலும் நீங்கள் சோதித்த நிரலும் ஒன்றாகவே இருக்க இதுதான் வழி. 'உள்ளது உள்ளபடி' என்று நாம் பேசிக்கொண்டிருப்பது பக்கத்தில் குறிகள் சரியாகத் தெரிவதைப் பற்றி மட்டும். ஆறு மாதத்துக்கு முன் ஒட்டிய நிரல் துல்லியமாக அச்சாகி, ஆனால் ஓடாமல் இருந்தால் என்ன பயன்?

வரி எண்ணால் வெட்டுவதில் ஓர் ஆபத்து: கோப்பின் மேலே ஒரு வரி சேர்த்தால் எல்லா வெட்டும் ஒரு வரி நழுவும். லிஸ்டிங்ஸில் கமென்ட்டையே எல்லைக்குறியாக வைத்து வெட்டலாம். மின்டட் பக்கம் போகிறவர்கள் நிரலைச் சின்னச் சின்னக் கோப்புகளாக உடைத்து வைத்துக்கொள்வது நல்லது.

அரைப்புள்ளி

வெற்றிடம் சொன்னதற்கு ஒரு வழிமொழிதல். இந்தச் சிக்கலை க்னூத் தலைகீழாகத் தீர்த்தார். டெக்கையே அவர் வெப் என்ற முறையில்தான் எழுதினார். நிரலும் விளக்கமும் ஒரே கோப்பில் இருக்கும். டேங்கில் என்ற நிரல் அதிலிருந்து கணினிக்கான நிரலைப் பிரித்தெடுக்கும், வீவ் என்ற நிரல் அச்சுக்கான ஆவணத்தை உண்டாக்கும். ஆவணத்துக்குள் நிரலைக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை, இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. எல்லோருக்கும் அது ஒத்துவராது என்பது வேறு விஷயம்.

குறுக்குச்சால்

குறுக்கே வருவதற்கு மன்னிக்க. நீங்கள் எல்லோரும் விவாதிக்கும் முதல் பிரச்சினை டெக்குக்கே உரியது, நிரலை அச்சிடுவதற்கு உரியது இல்லை. 2023-இல் திறந்த மூலமாக வெளிவந்த டைப்ஸ்ட் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பின்மேற்கோளுக்குள் போட்டால் போதும். அடிக்குறிப்பு, தலைப்பு, அட்டவணை எங்கேயும் உடையாது. அங்கே அது மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது, ஓட்டத்தின் நடுவே எழுத்துகளின் வகையை மாற்றும் வித்தை இல்லை. நிரலுக்குள்ளேயே மூன்று பின்மேற்கோள் வந்தால் வெளியே நான்கு போட வேண்டும், அவ்வளவுதான்.

பழந்தட்டச்சு

ஒப்புக்கொள்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் அது சுத்தமான வடிவமைப்பு. ஆனால் கேட்டவர் பாதிப் புத்தகத்தை லேடெக்கில் எழுதி முடித்திருக்கிறார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மாற்றச் சொல்லாதீர்கள்.

இணையப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? எச்டிஎம்எல்லில் 'ப்ரீ' குறிக்குள் போட்டால் இடைவெளியும் வரி முறிவும்தான் அப்படியே நிற்கும். < குறியையும் & குறியையும் இன்னும் மாற்றித்தான் எழுத வேண்டும். பலர் அது முழு வெர்பேட்டிம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பீமரடிமை

ஒரு விளையாட்டுக் கேள்வி. லேடெக் பற்றியே குறிப்பு எழுதும்போது, வெர்பேட்டிம் சூழலை முடிக்கும் கட்டளையையே வெர்பேட்டிமுக்குள் எப்படிக் காட்டுவது?

அரைப்புள்ளி

அதே சூழலுக்குள் முடியாது. அந்த எழுத்து வரிசை அப்படியே வந்ததும் சூழல் முடிந்துவிடும். அதைத் தவிர வேறெதையும் அது பொருட்படுத்துவதில்லை, அதையும் விட்டுவிட்டால் எங்கே நிறுத்துவது? லேடெக்கின் மூல வெர்பேட்டிம், தொடக்கம் முதல் அந்த முடிவு வரிசை வரை உள்ள எல்லாவற்றையும் ஒரே ஆர்க்யுமென்டாக விழுங்குகிறது. பழைய கணினிகளில் நீளமான நிரலுக்கு நினைவகம் போதாமல் போனது அதனால்தான். ரைனர் ஷோஃப் முதலானோர் எழுதிய வெர்பேட்டிம் பேக்கேஜ் வரி வரியாகப் படித்து அதைத் தீர்த்தது.

உங்கள் கேள்விக்கு எளிய விடை: ஃபேன்ஸிவெர்ப்பின் சூழலுக்குப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், அது தன் பெயரில் வரும் முடிவை மட்டும்தான் தேடும். எனவே சிறியதின் முடிவைப் பெரியதுக்குள் காட்டலாம், பெரியதின் முடிவைச் சிறியதுக்குள் காட்டலாம். இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட வேண்டுமானால் மூன்றாவதாக ஒரு பெயரில் சூழல் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

புதுநிரலி

எல்லோருக்கும் நன்றி. லுவாலேடெக், மின்டட் மூன்றாம் பதிப்பு, நிரலெல்லாம் தனிக் கோப்பில் என்று மாற்றிவிட்டேன். அடிக்குறிப்புக்குச் சேவ்வெர்ப். தமிழும் வந்துவிட்டது. இரண்டு சின்னச் சந்தேகம். நீளமான வரி ஓரத்தைத் தாண்டிப் போகிறது. தமிழ் கமென்ட்டுக்குப் பின்னால் நேர்க்கோட்டில் வர வேண்டியவை கோணலாக நிற்கின்றன.

கட்டளைவரி

நீள வரிக்கு 'பிரேக்லைன்ஸ்' போடுங்க, முறிஞ்ச இடத்துல ஒரு வளைந்த அம்பும் வரும். அதைவிட நிரலையே சின்ன வரியா எழுதிட்டா நல்லது.

எழுத்துருஎலி

கோணலுக்கு மருந்து இல்லை. 'ர' அகலமும் 'ணௌ' அகலமும் ஒன்றாக இருக்க முடியாது. தமிழைச் சம அகலக் கட்டத்தில் அடைத்தால் சில எழுத்து நசுங்கும், சில எழுத்து மிதக்கும். வரியின் கடைசியில் கமென்ட் எழுதுவதை விட்டுவிட்டு, நிரல்வரிக்கு மேலே தனி வரியாக எழுதுங்கள். அதற்குப் பின்னால் நேராக நிற்க வேண்டியது எதுவும் இருக்காது.